முற்றத்துப் பேச்சு: பால் வற்றவில்லை, பிள்ளைக்கு இழுக்க முடியவில்லை





போன மாதம் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு தங்கச்சி ஒன்றரை மாதக் கைக்குழந்தையோடு வந்திருந்தார். கூட்டம் முடியும்வரை பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. அவர் ஒதுக்கமாக இருந்து பால் கொடுத்துப் பார்த்தார். பிள்ளை கொஞ்ச நேரம் சூப்பும், பிறகு விட்டுவிட்டுக் கத்தும். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா சொன்னார்: "யோசிச்சு யோசிச்சு உனக்குப் பால் வத்திப் போச்சு பிள்ளை. பேசாமல் பால்மாவைக் கரைச்சுக் குடு." அந்தத் தங்கச்சி தலையைக் குனிந்தபடி அழத் தொடங்கிவிட்டார்.

அந்த வார்த்தையை எனக்கும் ஒருவர் சொல்லியிருக்கிறார். நானும் ஒருத்திக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் அது பிழையான வார்த்தை. அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசப் போகிறேன்.

1998இல் நடந்தது

1996ஆம் ஆண்டு கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் போய்க் கொட்டில் போட்டு இருந்தோம். அந்த இடப்பெயர்வில் என் தம்பியைப் பறிகொடுத்தேன். 1998இல் என் மூத்த மகன் பிறந்தான். பிறக்கும்போது நல்ல நிறை. ஆனால் பால் குடிக்கத் தொடங்கினால் ஒரு மணித்தியாலம் சென்றாலும் விடமாட்டான். விட்டாலும் பசி அடங்காது. எனக்கு இரண்டு முலைக்காம்பும் வெடித்து இரத்தம் வந்தது. அவன் வாயை வைக்கும்போது உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பேன்.

முதல் இரண்டு கிழமையும் பால் கட்டி நெஞ்சு கல்லுப் போல இருந்தது. பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. மாமியார் சொன்னார்: "நீ தம்பியை நினைச்சு அழுகிறாய். அதுதான் பால் வத்துது. அழாதை." அன்றிலிருந்து நான் அழுவதை நிறுத்தினேன். தம்பியின் நினைவு வந்தால் எழுந்து போய் முற்றம் கூட்டுவேன். அவனுக்காக ஒழுங்காக அழக்கூட இல்லை. அப்படியும் பால் கூடவில்லை.

கற்கண்டுத் தண்ணீர் கொடுத்தோம். அப்போது வன்னிக்குப் பொருட்கள் வருவதற்குத் தடை. பால்மா கிடைப்பதே பெரிய பாடு. கிடைத்த ஒரு பெட்டியை நாலு பெட்டி போல நீர்த்துக் கரைத்துச் சூப்பிப் போத்தலில் கொடுத்தேன். போத்தலை அவிக்க விறகு இல்லாத நாளும் உண்டு. இரண்டாம் மாதம் பிள்ளைக்கு வயிற்றாலை போய்க் கண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்துச் சேலைன் ஏற்றிக் காப்பாற்றினார்கள். எலும்பும் தோலுமாக வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

அவன் தப்பினான். ஆனால் "என் துக்கம்தான் என் பிள்ளையைப் பட்டினி போட்டது" என்ற எண்ணம் இருபத்தாறு வருடம் என்னோடு இருந்தது. 2009இல் அவனுடைய அப்பாவும் இல்லாமல் போன பிறகு அந்த எண்ணம் இன்னும் கூடியது.

2024இல் பேத்தி பிறந்தாள்

அந்த மகனுக்கு 2024ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த நிறை 2 கிலோ 900 கிராம். சுகப்பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். எனக்குப் பிடிபடாத சந்தோசம். பத்தியக் கறி என்ன, சரக்குத் தண்ணீர் என்ன என்று மருமகளைப் பார்த்துப் பார்த்துக் கவனித்தேன்.

நாலாம் ஐந்தாம் நாளில் பழைய கதை திரும்ப வந்தது. பிள்ளை முக்கால் மணி, ஒரு மணி நேரம் நெஞ்சிலேயே கிடப்பாள். குடிக்கும்போது "டக் டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். பால் கடைவாயால் வழியும். பிறகு களைத்து நித்திரையாவாள். பத்து நிமிடத்தில் எழும்பி அழுவாள். பிள்ளை வாய் வைக்கும்போதெல்லாம் மருமகள் கால்விரல்களை மடக்கிப் பாயில் ஊன்றுவதைக் கண்டேன். "மாமி, பிளேட்டால வெட்டுற மாதிரி நோகுது" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்குப் பால் காணாது போல கிடக்கு பிள்ளை. கண்டதையும் யோசிக்காதை" என்றேன். மகனைக் கூப்பிட்டு ஒரு பால்மாப் பெட்டி வாங்கி வரச் சொன்னேன். மருமகள் ஒன்றும் பேசவில்லை. இரவு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். எனக்கு மாமியார் சொன்னதை நான் அவளுக்குச் சொல்லிவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். 2 கிலோ 640 கிராம். பிறந்த நிறையில் 260 கிராம் குறைவு. பிறந்த முதல் நாட்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறை கொஞ்சம் குறையும், ஆனால் ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஏறத் தொடங்க வேண்டும், இரண்டு கிழமையில் பிறந்த நிறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் சலம் போகிறது என்று கேட்டார். மூன்று நாலு தரம் என்றோம். ஆறு தரமாவது போக வேண்டும் என்றார்.

பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம். பால்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் பாயில் இருந்து, "மகள், இப்ப பால் குடுங்கோ. நான் இருந்து பாக்கிறன்" என்றார். தொடங்கியதிலிருந்து முடியும்வரை பார்த்தார். பிள்ளை விட்டபோது முலைக்காம்பு சப்பையாக, ஒரு பக்கம் நசுங்கி வெள்ளைக் கோடு விழுந்து இருந்தது. பிள்ளை அழுதபோது வாயைப் பார்த்தார். "இஞ்ச பாருங்கோ அம்மா, நாக்கின்ர நுனியை" என்று என்னைக் கூப்பிட்டார்.

நாக்கு மேலே எழும்பவில்லை. கீழ் முரசைத் தாண்டி வெளியே வரவும் இல்லை. நடுவில் இழுபட்டு நுனி இரண்டாகப் பிரிந்து இதய வடிவமாக இருந்தது. நாக்கின் அடியில் ஒரு வெள்ளைச் சவ்வு நுனிவரை வந்து நாக்கைக் கீழே கட்டி வைத்திருந்தது.

"இது நாக்குக்கட்டு. சில குடும்பங்களில பரம்பரையாவும் வரும். பிள்ளையின்ர அப்பாவுக்கு எப்பிடி?" என்று கேட்டார். மகனை நாக்கை நீட்டச் சொன்னோம். அவனால் உதட்டுக்கு வெளியே நீட்ட முடியவில்லை. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவனுக்கு ஐஸ்பழம் நக்கத் தெரியாது, கடித்துத்தான் தின்பான். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். பால் குடிக்க அவன் பட்ட பாடும் அதே நாக்கால்தான் என்று இருபத்தாறு வருடத்துக்குப் பிறகுதான் அறிந்தேன்.

பால் ஏன் குறைகிறது?

சகோதரிகளே, இதைக் கவனமாக வாசியுங்கள். தாயின் நெஞ்சில் பால், பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். கிணற்றில் ஊற்றுப் போல, இறைத்தால் வரும். பிள்ளை நாக்கை நீட்டி, முலைக்காம்போடு சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து வாய்க்குள் எடுத்தால்தான் பால் நன்றாக இறங்கும். நாக்குக் கட்டுப்பட்டிருந்தால் பிள்ளை காம்பை மட்டும் முரசால் கடித்துப் பிடிக்கும். தாய்க்குப் புண் வரும், பிள்ளைக்குப் பால் வராது. உள்ளே பால் தேங்கி நின்றால் உடம்பு "இவ்வளவு தேவையில்லை" என்று சுரப்பதைக் குறைத்துவிடும். 1998இல் முதலில் எனக்குப் பால் கட்டியதும் பிறகு குறைந்ததும் இதனால்தான்.

துக்கமும் பயமும் பால் இறங்குவதைச் சில நேரம் தாமதப்படுத்தும். அது உண்மை. ஆனால் பிள்ளை சரியாகக் குடித்துக்கொண்டிருந்தால் துக்கம் பாலை வற்றவைக்காது. செல் விழுந்த நாட்களிலும் முகாம்களிலும் எத்தனை தாய்மார் பால் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

31 நாள் துடக்கு

அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார். நான் மறித்தேன். துடக்குக் கழியாமல் பச்சை உடம்புக்காரி வெளியே போவதா? 31 முடியட்டும் என்றேன். அவர் கோபிக்கவில்லை. "அம்மா, துடக்கு 31 நாள் பொறுக்கும். பிள்ளையின்ர பசி பொறுக்காது" என்றார். எனக்கு 1998 நினைவு வந்தது. மறு பேச்சுப் பேசவில்லை.

மாவட்ட ஆஸ்பத்திரியில் தாய்ப்பாலூட்டல் நிலையம் ஒன்று இருக்கிறது. இலங்கையின் பல அரச ஆஸ்பத்திரிகளில் இப்படி உண்டு. அங்கே எடுத்தவுடன் வெட்டுவோம் என்று சொல்லவில்லை. முதலில் பிள்ளையைப் பிடிக்கும் முறையைத் திருத்தினார்கள். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்ட வேண்டும். தலையும் உடம்பும் ஒரே நேராக இருக்க வேண்டும். மூக்கு முலைக்காம்புக்கு நேரே இருக்க, பிள்ளை வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்து அணைக்க வேண்டும். நாடி நெஞ்சில் முட்ட வேண்டும். இதனால் கொஞ்சம் நோவு குறைந்தது.

அதோடு, ஒவ்வொரு முறை குடித்த பின்பும் கையால் பாலைக் கறந்து சிறு கோப்பையில் பருக்கச் சொன்னார்கள். மருமகள் முதல் தரம் கறந்தபோது கோப்பையில் அரைவாசிக்கு மேல் வந்தது. அவள் அந்தக் கோப்பையை என்னிடம் காட்டி, "மாமி, எனக்குப் பால் இருக்கு" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் வாங்கி வைத்த பால்மாப் பெட்டியை மகன் உடைக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்தான்.

பதினேழாம் நாள் நிறை 2 கிலோ 820 கிராம். ஏறிவிட்டது. ஆனால் புண் ஆறவில்லை, சத்தமும் நிற்கவில்லை. இரவு பகலாகக் கொடுப்பதும் கறப்பதும் பருக்குவதுமாக மருமகள் ஓய்ந்து போனாள். அதன் பிறகுதான் வைத்தியர், "இவருக்குச் சவ்வை விடுவித்தால் நல்லது" என்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார்.

வெட்டிய நாள்

இருபத்தோராம் நாள் விடிய பஸ் ஏறினோம். மகனுக்கு அன்றைய கூலி இல்லை. பஸ் காசும் சாப்பாட்டுக் காசும்தான் செலவு. அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை.

வைத்தியர் முதலில் எல்லாம் விளங்கப்படுத்திக் கையெழுத்து வாங்கினார். குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் நிற்காத வருத்தம் உண்டா, பிறந்தவுடன் விற்றமின் கே ஊசி போட்டதா என்று கேட்டார். இரத்தம் கூடப் போவதும் புண்ணில் கிருமி பிடிப்பதும் மிக அரிது, ஆனாலும் கவனிக்க வேண்டும் என்றார். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து வழமையாகத் தேவைப்படாது, வளர்ந்த பிறகு என்றால் தேவைப்படும் என்றும் சொன்னார்.

பிள்ளையைத் துவாயால் சுற்றினார்கள். தாதி தலையைப் பிடித்தார். வைத்தியர் நாக்கைத் தூக்கிச் சின்னக் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு. நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. சில துளி இரத்தம். துணியால் அமத்திப் பிடித்து, உடனே தாயின் நெஞ்சில் போட்டார்கள். அழுத பிள்ளை வாயை வைத்தது. நான் மருமகளின் காலைப் பார்த்தேன். விரல்கள் மடங்கவில்லை.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். பிள்ளை புதிதாகக் குடிக்கப் பழக இரண்டு கிழமை சென்றது. நாக்கின் அடியில் சில நாள் வெள்ளையாக இருந்தது. சீழோ என்று பயந்தோம். புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்று குடும்பநல உத்தியோகத்தர் சொன்னார். முப்பத்தைந்தாம் நாள் கிளினிக்கில் நிறுத்தபோது 3 கிலோ 300 கிராம்.

எல்லாப் பிள்ளைக்கும் வெட்டு வேண்டாம்

இதை வாசித்துவிட்டு எல்லோரும் பிள்ளையின் நாக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாக்கின் அடியில் சவ்வு எல்லோருக்கும் உண்டு. நாக்குக்கட்டு இருந்தும் நன்றாகக் குடித்து வளரும் பிள்ளைகள் பலர். அவர்களுக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. 2017இல் வெளிவந்த கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பிலும், வெட்டிய பின் தாயின் நோவு குறைவது தெரிகிறது, ஆனால் எல்லாப் பிள்ளையின் பால்குடியும் அதனால் நிச்சயம் திருந்தும் என்று சொல்ல முடியாது என்றுதான் கண்டார்கள். ஆகவே முதலில் பிடிக்கும் முறை, பிறகு வைத்தியரின் முடிவு. வீட்டில் நகத்தாலோ பிளேட்டாலோ யாரையும் தொட விட வேண்டாம். வசம்பு, தேன் எதையும் நாக்கில் தடவ வேண்டாம்.

எப்போது காட்ட வேண்டும்?

• பால் கொடுக்கும்போது முதல் சில நாட்களுக்குப் பிறகும் கடும் நோவு, வெடிப்பு, நசுங்கிய காம்பு.

• ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் குடித்தும் பசி அடங்காத பிள்ளை, "டக்" என்ற சத்தம், அடிக்கடி நழுவி விடுதல்.

• ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தரத்துக்குக் குறைவாகச் சலம் போதல்.

• இரண்டு கிழமையாகியும் பிறந்த நிறைக்குத் திரும்பாமை.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம், "நான் பால் குடுக்கிறதை இருந்து பாருங்கோ, பிள்ளையின்ர வாயையும் பாருங்கோ" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. காட்டும்வரை பாலை நிறுத்த வேண்டாம். பகலும் இரவுமாக எட்டு முதல் பன்னிரண்டு தரம் கொடுங்கள். மிச்சத்தைக் கையால் கறந்து அவித்த கோப்பையில் பருக்குங்கள். கறந்த பாலை வெளியில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

பிள்ளை எழுப்பியும் எழும்பாமல் சோர்ந்து கிடந்தால், குடிக்கவே மறுத்தால், காய்ச்சல் இருந்தால், உடம்பு கடும் மஞ்சளானால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

எங்கள் நாட்டில் ஆறு மாதம் வரையான பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டும் குடிப்பதாக 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வு சொல்கிறது. அது பெருமைதான். ஆனால் கொடுக்க முடியாமல் தவிக்கும் தாய்க்கு அதுவே பாரம். "எல்லோராலும் முடியுது, என்னால் முடியேல்லை" என்று அவள் ஒளித்து அழுவாள். மாமியாராக, தாயாக, அயலாக இருக்கும் நாங்கள் அவளுக்குக் குறை சொல்லாமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போவோம்.

கூட்டத்துக்கு வந்த தங்கச்சியை அடுத்த நாள் நான்தான் கூட்டிப் போனேன். அவருடைய பிள்ளைக்கு நாக்குக்கட்டு இல்லை. பிடிக்கும் முறைதான் பிழை. இரண்டு தரம் பழக்கினார்கள். இப்போது பிள்ளை குடித்துவிட்டுத் தூங்குகிறதாம்.

பேத்தியின் நாக்கு விடுபட்ட அன்று இரவு நான் முற்றத்தில் தனியே இருந்து என் தம்பியை நினைத்து அழுதேன். இருபத்தாறு வருடம் அடக்கி வைத்த அழுகை. மருமகள் எழுந்து வந்து பக்கத்தில் இருந்தாள். "அழுங்கோ மாமி" என்றாள்.

அடுத்த மாதம் மீண்டும் முற்றத்தில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் அக்கா